ஒரு மணி நேரத்தில் விழுந்தவை

1999 ஆகஸ்ட் 19, வியாழக்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். எங்கள் கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில், உட்புறம் முழுவதும் மருந்து ஊறிய காகிதம் சுற்றிய ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் என் தோழி கொசுக்களை ஊதி விட்ட நேரம் அது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சத்தமாகச் சொன்னாள். நான் சாக்கட்டியால் மேசை ஓரத்தில் எழுதினேன். அந்தக் கொசுக்கள் எங்கள் வீட்டுக் கிணற்றில் புழுவாக இருந்தவை. காகிதத்தில் ஊறியிருந்தது டி.டி.டி. எங்கள் வீட்டுச் சுவர்களில் மூன்று வாரங்களுக்கு முன் அடித்துவிட்டுப் போனதும் அதேதான். கொசுக்கள் செத்தால் என் அக்கா அந்த வீட்டிலேயே இருப்பாள். சாகாவிட்டால் மறுநாள் காலை அங்கிருந்து கிளம்புவாள். அப்பா அப்படித்தான் சொல்லியிருந்தார்.

நான் தமிழ் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வகத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. நேரம் எழுதுவதைத் தவிர வேறெதையும் தோழி என்னிடம் கொடுக்கவும் இல்லை.

அக்கா ஏழாம் மாதத்தில் பம்பாயிலிருந்து வந்திருந்தாள். இரண்டு வருஷங்களுக்கு முன் ஒன்று ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயிற்று. அதனால் இந்த முறை சீமந்தம் முடிந்த கையோடு அம்மாவே போய் அழைத்து வந்தாள். ரயிலை விட்டு இறங்கிய நாள் முதல் அக்காவை யாரும் வாளி தூக்க விடவில்லை, வேகமாகப் படியிறங்க விடவில்லை, உரக்கச் சிரித்தால்கூட அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். வயிற்றில் இருப்பதைப் பற்றி வீட்டில் யாரும் நேராகப் பேசுவதில்லை. ஆனால் எல்லாரும் அதைச் சுற்றியே நடந்தோம்.

மலையாளம் பேசும் அந்த நகரத்தில், கோட்டைக்குள் இருக்கும் அக்ரகாரத் தெருக்களில் ஒன்றில் எங்கள் வீடு. பக்கத்து வீட்டுச் சுவரும் எங்கள் சுவரும் ஒன்றே. வாசலிலிருந்து கொல்லை வரை ஒரே நேர்கோட்டில் அறைகள் நீளும். சமையலறையைத் தாண்டினால் கிணறு. குழாய்த் தண்ணீர் வந்து எத்தனையோ வருஷங்கள் ஆகியிருந்தாலும் சுவாமிக்கும் சமையலுக்கும் அம்மா அந்தக் கிணற்றிலிருந்துதான் இறைப்பாள். குளித்து, மடியாக, வேறு யாரும் தொடுவதற்கு முன். பகலில் அந்த வீட்டில் காற்று வரும் ஒரே இடமும் அதுதான். அக்கா பிற்பகல் முழுவதும் கிணற்றடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். இரவில் அவளுக்குக் கொசுவலை உண்டு. ஆனால் விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் வலைக்குள் இல்லை, கிணற்றடியில் இருந்தாள்.

ஜூலை கடைசியில் எதிர் வீட்டு மாமாவுக்குக் குளிர் காய்ச்சல் வந்து, ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மலேரியா என்று தெரிந்தது. அவர் ஒரு வருஷமாக ஊரை விட்டு எங்கும் போனவர் இல்லை. ஆகவே அது தெருவிலேயே கிடைத்த காய்ச்சல். அந்த வாரமே முதுகில் பம்பு மாட்டிய ஆட்கள் வந்து வீடு வீடாகச் சுவரில் மருந்து அடித்தார்கள். பூஜை அறைக்கு மட்டும் ஈரத்துணியால் கதவிடுக்கை அடைத்து வைத்திருந்த அம்மா, அக்கா படுக்கும் அறையை அவர்களுக்குத் தானே திறந்துவிட்டு, "இங்க இன்னும் கொஞ்சம் அடிங்கோ, கட்டிலுக்குப் பின்னால விட்டுடுத்து" என்று காட்டிக் கொடுத்தாள்.

அப்பாவின் நிம்மதிக்கு வேறு காரணம் இருந்தது. அவர் நாஞ்சில் நாட்டில் வளர்ந்தவர். அவருடைய அண்ணன் பள்ளிக்கூடம் போகிற வயதில் குளிர் காய்ச்சலில் இறந்துபோனார். மறு வருஷம் அந்த ஊருக்கு மருந்து அடிக்கிறவர்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் ஒரு குழந்தையும் அந்தக் காய்ச்சலில் போகவில்லை. டி.டி.டி.யை அப்பா எப்போதும் "அண்ணா போன மறு வருஷம் வந்த மருந்து" என்றுதான் சொல்வார். அதில் வருத்தமும் இருக்கும், நன்றியும் இருக்கும். அதை அவரிடம் சந்தேகித்துப் பேசுவது எளிதல்ல.

தோழி அக்காவைப் பார்க்க வந்தது மருந்து அடித்து ஒரு வாரம் கழித்து. பி.ஏ., பி.எஸ்ஸி. படிக்கும்போது எங்கள் கல்லூரியில் தமிழை இரண்டாம் மொழியாக எடுத்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிறிய வகுப்பில் பழகியவள். பாறசாலைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். எம்.எஸ்ஸி. ஆய்வேட்டுக்காக ஊரின் கொசுக்களைத் தேடிக்கொண்டிருந்தாள். அக்காவுக்குச் செவ்வாழைப் பழங்களைக் கொடுத்துவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தவள், பாதிப் பேச்சில் நிறுத்தி எழுந்து, கட்டிலுக்குப் பின்னால் சுவரருகே போய் நின்றாள்.

"இஞ்ச பாரு பிள்ளே. இந்தச் சுவருல மருந்து அடிச்சு எத்தன நாளாச்சு?"

"ஒரு வாரம்."

"பின்ன இது எப்படி இஞ்ச சொகமா இருக்கு?"

சுவரில் ஒரு கொசு. மற்றக் கொசுக்களைப் போல் கூனி உட்காராமல், தலையைச் சுவரில் பதித்து வாலைத் தூக்கி, சாய்வாக அறைந்த சிறு ஆணிபோல் நின்றது. மலேரியாவைப் பரப்பும் இனம் அப்படித்தான் உட்காரும் என்று அவள் சொன்னாள். மருந்தின் வெள்ளைத் தடம் அதன் காலடியில் தெளிவாகத் தெரிந்தது.

பிறகு கிணற்றைப் பார்க்க வேண்டும் என்றாள். அம்மா முகத்தில் ஒரு சங்கடம் வந்தது. தோழி பையிலிருந்து வெள்ளைக் கரண்டி ஒன்றை எடுத்தாள். நீளக் கைப்பிடி உள்ளது.

"நீ தொடப்படாதுன்னு இல்லேம்மா" என்றாள் அம்மா. "மடி ஜலம், அதான். ஏண்டி, நீ போய்க் குளிச்சுட்டு வந்து மொண்டு குடேன்."

"சரி மாமி" என்றாள் தோழி, முகம் மாறாமல். "ஒங்க கிணத்துக் கொசுவும் மடிதானே? அதையும் அவளே புடிச்சுத் தரட்டும்."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவும் சிரித்துவிட்டாள். நான் போய்க் குளித்துவிட்டு வந்து, வாளியை இறக்கி, தண்ணீரை மொண்டு அவள் கரண்டியில் ஊற்றினேன். நீர்ப்பரப்போடு ஒட்டிப் படுத்த வாக்கில், துணியிலிருந்து பிரிந்த கறுப்பு நூல்போல் புழுக்கள். சாக்கடைக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். இது படுத்துக் கிடக்கும், சுத்தமான தண்ணீர்தான் இதற்கு வேண்டும் என்று தோழி விளக்கினாள். கிணற்றை இவ்வளவு சுத்தமாக வைத்திருப்பது அம்மாவின் பெருமை. அந்த வாக்கியத்தை அம்மா எப்படி எடுத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"இதுக்கு மருந்தே வேண்டாம் மாமி. கப்பி மீனு விட்டா போதும், கார்ப்பரேஷன்ல சும்மாவே தருவாங்க. நகம் அளவுதான் இருக்கும். புழுவ எல்லாம் தின்னு தீத்திரும்."

"மீனா? மடிக் கிணத்துலயா? நன்னா இருக்கு!"

"ஏம்மா, கோயில் குளத்துல மீன் இல்லியா? காவேரில இல்லியா?" என்றாள் அக்கா.

"அது பகவான் விட்டது. இது கார்ப்பரேஷன் விடறது."

கிணற்றின் வாயில் வலை கட்டலாம் என்ற யோசனையும், தினமும் வாளி இறக்க வேண்டியிருப்பதால் கரையேறவில்லை. நஞ்சை அறைக்குள் அழைத்து அடிக்கச் சொன்ன அம்மா, ஒரு நகமளவு மீனைக் கிணற்றுக்குள் விட ஒப்பவில்லை. அவளைப் பொறுத்தவரை மருந்து சுவரோடு நின்றுவிடும். மீன் தண்ணீரில் வாழும், அதே தண்ணீரில் சாகவும் செய்யும். அதில் ஒரு தர்க்கம் இருந்தது. எங்கள் தெருவில் அநேகமாக எல்லாக் கிணறுகளும் அந்தத் தர்க்கத்தால்தான் மீனில்லாமல் இருந்தன.

மாலையில் அப்பா வந்ததும் தோழி அவரிடமே கேட்டாள். அப்பா ஒரு வணிக நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். எதையும் குரல் உயர்த்தாமல் கேட்பார்.

"மருந்து அடிச்சிருக்கே குட்டீ. பின்னே எதுக்கு மீன்?"

"ஒரே மருந்த வருஷக்கணக்கா அடிச்சு அடிச்சு, சாவுறது எல்லாம் செத்துப் போச்சு அங்கிள். சாகாததுக்க பிள்ளைகளாக்கும் இப்பம் ஒங்க வீட்டுல பறக்குது."

"அது உன் ஊகம். ஊகத்துக்காக ஏழு மாசக்காரியை இடம் மாத்த முடியுமா? கண்ணால காட்டு."

"காட்டுகேன் அங்கிள். புழு கொசுவாவட்டும்."

இடம் மாற்றுவது என்றால் நாகர்கோவிலில் இருக்கும் மாமா வீடு. அங்கே அந்தக் காய்ச்சல் இல்லை. நல்ல ஆஸ்பத்திரி பக்கத்தில். ஆனால் அம்மாவுக்கு அது பெரிய அவமானம். பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வந்துவிட்டு, தம்பி மனைவியின் தலையில் கட்டினாள் என்று பேசுவார்கள். நாளும் நெருக்கடியாக இருந்தது. ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை எட்டாம் மாதம் பிறக்கிறது. பிறந்தால் பெண்ணை இடம் மாற்ற மாட்டார்கள். சனிக்கிழமை புறப்பட விட மாட்டார்கள். வியாழக்கிழமை தெற்கே சூலம். மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமை, அதுவும் பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குவதற்குள். அப்பா ஒரு காருக்குச் சொல்லிவைத்தார். கொசு செத்தால் கார் வேண்டாம். அவர் எதையும் இப்படி நிபந்தனையோடு வைப்பவர். நாங்கள் அதற்குப் பழகியிருந்தோம்.

இனி அந்த வியாழக்கிழமை.

மூன்று குழாய்கள் இருந்தன. ஒன்றில் எங்கள் வீட்டுக் கொசுக்கள், மருந்துக் காகிதத்தோடு. இன்னொன்றிலும் எங்கள் வீட்டுக் கொசுக்கள்தாம், ஆனால் வெறும் எண்ணெய் தடவிய காகிதம். கொசுக்கள் வேறு காரணத்தால் சாகவில்லை என்று உறுதி செய்வதற்கு. மூன்றாவதில் அதே இனம், ஆனால் வேறொரு ஆய்வுக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாக மருந்தே படாமல் வளர்க்கப்பட்டவை. அவற்றுக்கும் மருந்துக் காகிதம். காகிதத்தில் வீரியம் இருக்கிறதா என்று அவை சொல்லும். எல்லாமே பெண் கொசுக்கள், கடிப்பவை அவைதானே. ஒரு மணி நேரம் மருந்தோடு இருக்கவேண்டும். பிறகு வெறும் காகிதம் சுற்றிய வேறு குழாய்க்கு மாற்றி, சர்க்கரைத் தண்ணீர் நனைத்த பஞ்சை மேலே வைத்து, முழுதாக ஒரு நாள் விட்டுவிட வேண்டும். மறுநாள் அதே நேரத்தில் செத்திருப்பதுதான் செத்தது.

ஆய்வுக்கூடத்துக் கொசுக்கள் சீக்கிரமே விழத் தொடங்கின. எங்களுடையவை வெகுநேரம் நின்றன. பிறகு அவற்றிலும் ஒன்று சுற்றிச் சுற்றிப் பறந்து, குழாயின் அடியில் மல்லாந்து விழுந்து, கால்களை உதைத்தது. அடுத்து இன்னொன்று. பிறகு மூன்று நான்காக. நான் மகிழ்ந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். அக்கா வீட்டிலேயே இருக்கலாம், அம்மாவுக்கு அவமானம் இல்லை, அப்பாவின் மருந்து அப்பாவைக் கைவிடவில்லை. இவை எல்லாம் ஒன்றாகத் தோன்றின. தோழி குழாயின் மேல் குனிந்திருந்தாள்.

ஒன்பது மணிக்கு அப்பா வந்தார், ஆபீசுக்குப் போகும் வழியில். குடையை வாசலில் சாத்திவைத்துவிட்டு, சாப்பாட்டுப் பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று ஒரு நொடி தயங்கி, கழற்றாமலே உள்ளே வந்தார். குழாய்களைக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"ரெண்டுலயும் போயாச்சே."

"போகல்ல அங்கிள். விழுந்திருக்கு. நாளைக்கு இதே நேரத்துக்குப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

"மல்லாந்து காலைத் தூக்கிண்டு கிடக்கறது. இனிமே எழுந்து ஆபீசுக்குப் போகுமா?"

"சிலது எந்திக்கும் அங்கிள்."

"சிலது இன்னும் விழவே இல்லையே, அதைச் சொல்றியா? அதுவும் தள்ளாடிண்டுதானே இருக்கு. போயிடும்." அவர் கேலியாகச் சொல்லவில்லை. பல நாள் பாரத்தை இறக்கிவைத்தவரின் குரல் அது. தோழியின் தலையைத் தொடப்போவதுபோல் கையை உயர்த்தி, தொடாமல் இறக்கினார். "நன்னா பண்ணியிருக்கே குட்டீ. நல்ல மார்க் வரும், கேட்டியா."

அவர் போன பிறகு தோழி கொசுக்களை வேறு குழாய்க்கு மாற்றினாள். விழுந்தவற்றை ஒவ்வொன்றாக, கால் ஒடியாமல், கண்ணாடிக் குழலால் உறிஞ்சி எடுத்து இறக்கினாள்.

"உங்கப்பாட்ட நீ சொல்லணும்" என்றாள். "நான் சொன்னா கேக்க மாட்டாரு. நான் படிக்கிற பிள்ள. நீ வீட்டுப் பிள்ள."

அப்பா ஆபீசிலிருந்தே போன் செய்து காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் பிற்பகல் வீட்டுக்குப் போனபோது அம்மா நாகர்கோவிலுக்கும் செய்தி சொல்லி முடித்திருந்தாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அக்காவின் பெட்டியிலிருந்து புடவைகள் மறுபடி அலமாரிக்குப் போயிருந்தன.

மாலையில் புகை மெஷின் வந்தது. தெருமுனையில் அதன் இரைச்சல் கேட்டதும் அம்மா வாசல் கதவையும் ஜன்னல்களையும் திறந்துவைத்தாள். புகை உள்ளே வந்தால்தான் பலன் என்பது எங்கள் தெருவின் தீர்மானம். டீசல் வாடையோடு வெள்ளைப் புகை நடையைத் தாண்டி, அறை அறையாக நிறைத்துக்கொண்டு கொல்லைவரை போயிற்று. அக்கா புடவைத் தலைப்பை மூக்கில் வைத்து இருமிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள். புகை அடங்கியபின் கிணற்றின் உட்சுவரைக் குனிந்து பார்த்தேன். ஈரமான கல்லில், வாலைத் தூக்கி, இரண்டு நின்றிருந்தன.

"என்னடி பார்க்கறே?"

"ஒண்ணுமில்லே."

"உனக்கு ஒண்ணுமில்லேன்னா ஊருக்கே ஏதோ இருக்குன்னு அர்த்தம்." அக்கா நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தாள். "சொல்லேன். செத்துதா, இல்லியா?"

"நாளைக்குத்தான் தெரியும்."

"அப்பா செத்துடுத்துன்னாரே."

"விழுந்துது. அவ்வளவுதான் பார்த்தோம்."

"எம்.ஏ. படிக்கறே. ஒரு கொசு செத்துதா இல்லியான்னு சொல்லத் தெரியலை." சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்தினாள். கிணற்றடியில் வேறு யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டபின் சொன்னாள்: "இதுவும் போச்சுன்னா நான் திரும்பிப் பம்பாய்க்குப் போக மாட்டேன், கேட்டியா. அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார். அதான் என்னால தாங்க முடியாது."

அவள் வெளிப்படையாகப் பேசியது எனக்குத் தெரிந்து அது ஒரு முறைதான். நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் முழங்காலில் ஒரு கொசு வந்து அமர்ந்தது. அது எந்த இனம் என்று பார்க்கும் பொறுமை இல்லாமல் அடித்தேன்.

அப்பா வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது அவரிடம் போனேன். காருக்கு மறுபடி சொல்லிவைக்கலாம், நாளைக் காலை வரை பொறுக்கலாம் என்றேன். இந்த ஒரு வாக்கியத்தைப் பிற்பகல் முழுவதும் மனதில் அமைத்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணால பார்த்தேனேம்மா."

"இருபத்துநாலு மணி நேரம் கழிச்சுத்தான் கணக்குன்னு அவ சொல்றா."

"அவ பரீட்சைக்கு எழுதணும், அதனால சொல்றா. முறைன்னு ஒண்ணு இருக்கும். நமக்கு முறையா முக்கியம்?" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அண்ணா போனப்போ என் வயசு ஆறு. அந்த மருந்து வந்தப்புறம் நாங்க எல்லாரும் இருந்தோம். இதை விடப் பெரிய சோதனை என்ன இருக்கு, சொல்லு."

அவர் சொன்னது உண்மை. அவருடைய ஊரில், அந்த வருஷத்தில், அது உண்மை.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு நான் ஆய்வகத்தில் இருந்தேன். தோழி எனக்கு முன்பே வந்திருந்தாள். குழாய்கள் இருந்த பெட்டியை அவள் இன்னும் திறக்கவில்லை. ஒன்பது பத்து ஆகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நேரம் ஆனதும் மேல் துணியை விலக்கினாள்.

ஆய்வுக்கூடத்துக் கொசுக்கள் இருந்த குழாயில் அசைவே இல்லை. அடியில் தூசிபோல் கிடந்தன. எண்ணெய்க் காகிதக் குழாயில் எல்லாம் நலமாக இருந்தன. எங்கள் வீட்டுக் கொசுக்கள், மருந்தில் ஒரு மணி நேரம் இருந்து மல்லாந்து விழுந்தவை, குழாயின் சுவரில் வாலைத் தூக்கி நின்றுகொண்டிருந்தன. சில அடியில் செத்துக் கிடந்தது உண்மைதான். பெரும்பாலானவை எழுந்துவிட்டன. ஒன்று சர்க்கரைப் பஞ்சில் வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. தோழி விரல் நகத்தால் குழாயைத் தட்டினாள். அது பறந்து ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அதே பஞ்சில் வந்து உட்கார்ந்தது.

"எனக்கு நல்ல ரிசல்ட்டு" என்றாள் தோழி. சொன்னவுடனே கண்களைத் துடைத்துக்கொண்டாள். "போ பிள்ளே. இஞ்ச நின்னு என்ன செய்யப் போற? அக்காவக் கூட்டிட்டுப் போ. ஆனா ஒண்ணு. போனாலும், காய்ச்சல்னா ஒடனே ரத்தம் பாக்கணும். ஏற்கெனவே கடிச்சிருந்தா பத்துப் பதினஞ்சு நாளு கழிச்சுத்தான் தெரியும்."

கல்லூரி வாசலில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து அப்பாவின் ஆபீசுக்குப் போன் செய்தேன்.

"எழுந்துடுத்து அப்பா."

"எது?"

"நீங்க பார்த்த கொசுவெல்லாம்."

பின்னால் தட்டச்சு ஓசை கேட்டது. யாரோ மலையாளத்தில் அவரிடம் ஒரு கையெழுத்துக் கேட்டார்கள். அப்பா அவரை இருக்கச் சொன்னார்.

"காகிதம் பழசா இருக்கும்" என்றார்.

"மருந்தே படாத கொசு அதே காகிதத்துல செத்துக் கிடக்கறது. மாத்தின குழாயிலேயும் அசையலை."

மறுபடி தட்டச்சு ஓசை. அப்பா அந்த இடைவெளியில் எந்த வீட்டில், எந்த வயதில் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. பிறகு, "வண்டியை வேண்டாம்னுட்டேனே. அவன் கொல்லத்துக்குப் போயிருப்பான்" என்றார். இன்னும் சற்றுப் பொறுத்து, "பத்தரைக்குள்ள…" என்று தொடங்கி, முடிக்கவில்லை. நான் வைத்துவிட்டேன். அப்பா பேசிக்கொண்டிருக்கும்போது நான் போனை வைத்தது அதுவே முதல் முறை.

ஆட்டோவில் கிழக்கேகோட்டைக்கு வந்து டாக்சி ஸ்டாண்டில் இறங்கினேன். அதுவரை தனியாக ஒரு டாக்சிக்காரரிடம் பேசியதில்லை. வரிசையில் முதலில் நின்ற அம்பாசடரின் ஓட்டுநர் பேப்பரை மடித்து, "எவிடேக்கா மோளே?" என்றார். நாகர்கோவில், கர்ப்பிணிப் பெண், குழி பார்த்து ஓட்ட வேண்டும், ஆனால் உடனே கிளம்ப வேண்டும் என்று மலையாளத்தில் சொன்னேன். "அப்போ குழிகள்கிட்ட பறயணும், வழி விட்டுத் தரச் சொல்லி" என்று தமிழும் மலையாளமுமாகச் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

வீட்டு வாசலில் காரைப் பார்த்ததும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"அப்பா வரட்டும்" என்றாள்.

"நேரம் இல்லேம்மா."

"தம்பி பொண்டாட்டிகிட்ட என்னடி சொல்லுவேன்? நேத்து வரலேன்னேன், இன்னிக்கு வாசல்ல கொண்டுபோய் இறக்கறதா?"

அக்கா அதற்குள் அலமாரியைத் திறந்து கைக்குக் கிடைத்த புடவைகளைப் பெட்டியில் திணிக்கத் தொடங்கியிருந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள் போலும். அப்போது கூடத்தில் போன் அடித்தது. அம்மா எடுத்தாள். அப்பாதான். வெகுநேரம் கேட்டாள். "உம்" என்றாள், பின்னும் ஒரு முறை "உம்." போனை வைத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போய், வடுமாங்காய் ஜாடியைத் துணியால் வாய் கட்டி எடுத்து வந்தாள்.

"அவளுக்குப் பிடிக்கும். குடு" என்றாள். தன் தம்பி மனைவியைத்தான் சொன்னாள்.

பத்தேகாலுக்குக் கிளம்பினோம். ஜாடி என் மடியில், அக்காவின் பெட்டி காலடியில். கரமனைப் பாலம் ஏறும்போது அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தேன். வியர்த்திருந்தது, சூடு இல்லை. வெயிலில் என் கையே சூடாக இருந்ததால் எனக்குச் சரியாகத் தெரியவில்லையோ என்று தோன்றியது. கையை ஜாடியின் குளிர்ந்த பீங்கானில் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு மறுபடி அவள் நெற்றியில் வைத்தேன். நெய்யாற்றின்கரை வரை இப்படியே பார்த்துக்கொண்டு போனேன்.